அத்தோ கடைக்கு துணி போர்டு: 14 மில்லிமீட்டர்ல கவுந்த கதை

நேத்து சாயங்காலம் ஏழரைக்கு சுவிட்ச் போட்டோம், போர்டு எரிஞ்சுது. நாலடி நீளம், ஒன்றரை அடி உயரம், உள்ள எல்ஈடி. முன்னாடி ஃப்ளெக்ஸ் கிடையாது, அக்ரிலிக் கிடையாது, வெறும் துணி, அதுல சப்ளிமேஷன் பிரிண்ட், அதாவது பேப்பர்ல அடிச்ச சாயத்தை ஹீட் பிரஸ்ல சூடா அழுத்தி துணிக்கு மாத்தறது. மூணாவது தடவைதான் சரியா வந்துச்சு. முதல் ரெண்டும் இப்போ என் கடைல ஹீட் பிரஸ் மேல தூசி விழாம மூடுற துணியா கிடக்குது. மறந்துடறதுக்குள்ள எழுதி வெச்சுடலாம்னு உக்காந்துட்டேன்.

எனக்கு வடசென்னைல, தண்டையார்பேட்டைல சின்ன கடை. ஸ்டிக்கர், ஐடி கார்டு, மக் பிரிண்ட், அப்புறம் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பசங்க ஃபுட்பால் டீமுக்கு ஜெர்சி. சப்ளிமேஷன் எனக்கு புதுசு இல்ல, அஞ்சு வருஷமா பண்றேன், அந்தத் திமிருதான் முதல் தப்பு. ஜெர்சில துணி ஒரு சென்டிமீட்டர் சுருங்கினா போட்டுக்கிற பையனுக்கும் தெரியாது, கோல் போஸ்ட்டுக்கும் தெரியாது. அலுமினியம் ஃப்ரேம்ல அதே ஒரு சென்டிமீட்டர் சுருங்குனா முடிஞ்சுது ஜோலி. இதை நான் ரெண்டு துணி, பத்துப் பதினஞ்சு பேப்பர், டைலர் பாய்கிட்ட வாங்கின திட்டு எல்லாம் செலவு பண்ணித்தான் தெரிஞ்சுகிட்டேன்.

ஆர்டர் குடுத்தது அத்தோ கடை அக்கா, அத்தோன்னா பர்மா நூடுல்ஸ். அவங்க அம்மா ரங்கூன்ல இருந்து கப்பல்ல வந்தவங்க, 1964ல அங்க கடைகண்ணி எல்லாத்தையும் கவர்மென்ட் எடுத்துக்கிட்டப்போ கிளம்பி வந்த குடும்பம். அம்மா கை பக்குவம் அப்படியே இவங்களுக்கு வந்திருக்கு. பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, முட்டைகோஸ், நொறுக்கின தட்டை எல்லாம் போட்டு கையாலயே பிசைஞ்சு குடுப்பாங்க, பக்கத்துல வாழைத்தண்டு சூப். கடை சாயங்காலம் அஞ்சுக்கு மேலதான். பழைய ஃப்ளெக்ஸ் போர்டு கடல் காத்துல மூலைல கிழிஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு, அதுவும் இல்லாம யாராவது போட்டோ எடுத்தா ஃப்ளெக்ஸ்ல டியூப்லைட் பளபளன்னு அடிச்சு பேரே தெரியாது. ஆடி வெள்ளிக்கு கோயில் கூட்டம் வரும், அதுக்குள்ள புதுசு மாட்டணும்னு சொன்னாங்க. நானே வாய வெச்சுக்கினு சும்மா இல்லாம, அக்கா இந்தத் தடவை மால்ல எல்லாம் வெக்கறாங்களே துணி போர்டு, அது மாதிரி பண்ணித் தரேன்னு சொல்லிட்டேன்.

நேர்மையா சொல்லணும்னா பேக்லிட் ஃப்ளெக்ஸ்ல போட்டிருந்தா பாதி விலைல ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். ஆனா எனக்கு கத்துக்கணும்னு ஆசை.

என்கிட்ட இருக்கிறது எப்சன் எல்1800, செகண்ட்ஹேண்ட்ல வாங்கி சப்ளிமேஷன் இங்க் ஊத்தினது. ஏ3 பிளஸ் வரைக்கும் போகும், அதாவது 329க்கு 483 மில்லிமீட்டர். ஹீட் பிரஸ் 40க்கு 60 சென்டிமீட்டர் தட்டு. இந்த ரெண்டையும் வெச்சுக்கிட்டு நாலடி துணி. சூடான உருளைல துணியை ஓட்டற பெரிய கேலண்டர் மெஷின் வெச்சிருக்கிறவங்ககிட்ட ஜாப் வொர்க் குடுத்தா ஒரே துண்டா உருட்டிக் குடுத்துடுவாங்க, ஆனா நான் கேட்ட இடத்துல ஒரு போர்டுக்காக எல்லாம் மெஷின் சூடு பண்ண முடியாது, குறைஞ்சது இத்தனை மீட்டர் குடுன்னுட்டாங்க. அவங்க சொன்னதும் நியாயம்தான்.

அதனால டிசைனையே நாலு ஜன்னல் மாதிரி பிரிச்சேன். முதல் கட்டத்துல அத்தோ கிண்ணம் போட்டோ, ரெண்டாவதுல பர்மா, மூணாவதுல அத்தோ, நாலாவதுல மொய்ங்காவும் பேஜோவும், ரெண்டும் அக்கா கடை பர்மா சாப்பாடுதான். ஒவ்வொண்ணும் 280 மில்லி அகலம், நடுவுல 25 மில்லி வெள்ளை இடைவெளி. ரெண்டு பேப்பரை ஒட்டி ஒட்டி ஒரே படம் மாதிரி வரவைக்கலாம்னு முதல்ல ஒரு வேஸ்ட் துணில முயற்சி பண்ணிப் பாத்தேன், ஒண்ணு மேல ஒண்ணு ஏறின இடத்துல கருப்பா கோடு, ஏறாத இடத்துல வெள்ளையா கோடு. வெளிச்சம் பின்னாடி இருந்து வரும்போது அந்தக் கோடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த ஐடியாவை அன்னிக்கே விட்டுட்டேன்.

முதல் துணி கோடவுன் தெருல வாங்கினது. மீட்டர் 140, ஒன்றரை மீட்டர். பாலியஸ்டரான்னு கேட்டேன், சுத்தமான பாலிதான்னு கடைக்காரர் சொன்னார், நானும் நம்பி சுருட்டி வாங்கிட்டு வந்துட்டேன். சப்ளிமேஷன்ல சாயம் கற்பூரம் மாதிரி, சூட்டுல தண்ணியாகாம நேரா ஆவியாகி பாலியஸ்டர் நூலுக்குள்ள போய் உக்காந்துக்கும், பருத்தில உக்காராது. இது எனக்குத் தெரியும். நூலை உருவி நெருப்புல காட்டினா பாலியஸ்டர் உருகி கெட்டியா மணி மாதிரி ஆகும், பருத்தி பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும்ங்கறதும் தெரியும். ஆனா செய்யல. பிரஸ் பண்ணி எடுத்தா கிண்ணத்துல இருக்கிற அத்தோ பத்து தடவை தோச்ச சட்டை மாதிரி வெளுத்துப் போய் இருக்கு. அப்புறமா நூலை உருவி கொளுத்துனேன். பாதி உருகுது, பாதி சாம்பல். பாலியும் காட்டனும் கலந்த பிசி துணி.

அதே துணிலதான் ரெண்டாவது கூத்தும் நடந்துச்சு. பேப்பர்ல படம் கண்ணாடில தெரியற மாதிரி திருப்பி அடிக்கணும், அப்போதான் துணில நேரா விழும். முதல் கட்டம் போட்டோங்கறதால திருப்பினதா இல்லையான்னு தெரியாது. ரெண்டாவது கட்டம் பர்மா. பேப்பர் பிரிண்டர்ல இருந்து வெளில வரும்போது முதல்ல வந்த எழுத்தைப் பாத்தேன், ப. சரியாத்தான் இருக்குன்னு நினைச்சு டேப் ஒட்டி அழுத்திட்டேன். தமிழ்ல ப எழுத்தைத் திருப்பினாலும் பதான்யா! துணில அது கடைசி எழுத்தா உக்காந்திருக்கு, முன்னாடி ர்மா ரெண்டும் முதுகைக் காட்டிட்டு நிக்குது. அந்த நேரம் பாத்து அக்கா எப்படி வருதுன்னு பாக்க வந்துட்டாங்க. "இன்னா தம்பி, பர்மாவுக்குத் திரும்பிப் போற மாதிரி எழுதிக்கீற" அப்படின்னாங்க. இப்போ எல்லாம் பிரிண்டர் டிரைவர்ல மிரர் டிக் பண்றதே இல்ல, டிரைவர் அப்பப்போ மறந்துடுது, டிசைன் பண்ற கோரல் சாஃப்ட்வேர்லயே திருப்பி வெச்சு ஃபைல் பேர்லயே திருப்பினதுன்னு எழுதிடறேன்.

இன்னொரு விஷயம், அந்தத் துணி மெலிசு. பின்னாடி எல்ஈடி வெச்சுப் பாத்தா ஒயர் நிழல் முதற்கொண்டு தெரியுது. ஜெர்சி துணிக்கும் இதே கதிதான். வெளிச்சம் பின்னாடி வர்ற போர்டுக்குன்னே நெருக்கமா பின்னின கனமான வெள்ளை பாலியஸ்டர் வருது, பேக்லிட் துணின்னு கேக்கணும். பாரிஸ் கார்னர் பக்கம் சைன் போர்டு சாமான் விக்கிற கடைல மீட்டர் 280க்கு கிடைச்சுது. அகலம் 60 இன்ச், அதனால ஒன்றரை மீட்டர் வாங்கி மூணு பட்டையா கிழிச்சா மூணு போர்டுக்கு ஆகும். இந்தத் தடவை கடை வாசல்லயே நூல் உருவி லைட்டர்ல கொளுத்திப் பாத்துட்டுத்தான் காசு குடுத்தேன். கடைப் பையன் ஒரு மாதிரி பாத்தான், பாத்துட்டுப் போகட்டும்.

இப்போ கலர். அத்தோன்னா அந்த ஆரஞ்சுதான் அடையாளம், அது போச்சுன்னா அது வெறும் நூடுல்ஸ். எனக்கு வந்தது ஒரு மாதிரி ரோஸ். இங்க் விக்கிறவர் குடுத்த ஐசிசி ஃபைலை, அதாவது அந்த இங்க்குக்கு ஏத்த மாதிரி கலரைத் திருத்தற ஃபைலை, கோரல்ல போட்டிருந்தேன், ஆனா டிரைவரை திரும்ப இன்ஸ்டால் பண்ணப்போ அதுல கலர் மேனேஜ்மென்ட் தானா ஆன் ஆயிருக்கு, ரெண்டு பேரும் ஆளுக்கொரு தடவை கலரைத் திருத்தறாங்க. டிரைவர்ல ஆஃப் பண்ணதும் ஆரஞ்சு ஆரஞ்சாச்சு. பேப்பர்ல பாத்து பயப்படாதீங்க, பேப்பர்ல எப்பவும் செத்துப் போன கலராத்தான் இருக்கும், சூட்டுல தான் முழிக்கும்.

ஆனா பிரச்சினை அதோட முடியல. மேஜை மேல வெச்சுப் பாக்கும்போது ஜம்முனு இருக்கிற பிரிண்ட், பின்னாடி லைட் போட்டதும் பாதி வெளுத்துடுது. வெளிச்சம் துணிக்குள்ள நுழைஞ்சு வரும்போது சாயம் பத்தல. ஒரு நீளமான துண்டுல கிண்ணம் படத்தையே சின்னதா அஞ்சு தடவை அடிச்சேன், ஒண்ணொண்ணுக்கும் கலர் அழுத்தத்தை பத்து பத்து சதவீதம் ஏத்தி, பேப்பர் செட்டிங் மேட், ஹை குவாலிட்டி. அஞ்சையும் அழுத்தி எல்ஈடி முன்னாடி பிடிச்சுப் பாத்தா 30 சதவீதம் ஏத்தினதுதான் சரியா இருந்துச்சு. பகல்ல லைட் இல்லாம பாத்தா அது கொஞ்சம் திகட்டும், ஆனா கடை ராத்திரி கடை, அதனால ராத்திரிக்குத்தான் ஓட்டு. கருப்பு மட்டும் எவ்வளவு ஏத்தினாலும் லைட்ல சாம்பலும் பழுப்புமாத்தான் வந்துச்சு. இன்னும் பத்து செகண்ட் கூட அழுத்திப் பாத்தேன், இன்னும் பழுப்பாச்சு. கருப்பு பேக்ரவுண்டை தூக்கிப் போட்டுட்டு அரக்கு கலர் வெச்சேன், எழுத்து வெள்ளை. சப்ளிமேஷன்ல வெள்ளை இங்க்குன்னு ஒண்ணு கிடையாது, துணியோட வெள்ளைதான் வெள்ளை, லைட் போட்டா அந்த எழுத்துதான் முதல்ல கண்ணுல அடிக்கும். கருப்பை விட இதுவே நல்லா இருக்கு.

ஹீட் பிரஸ்ல டிஸ்பிளே 200 காட்டும், அதை அப்படியே நம்பாதீங்க. இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒண்ணு 700 ரூபாக்கு முன்னாடியே வாங்கி வெச்சிருந்தேன், தட்டுல ஒன்பது இடத்துல பிடிச்சேன். நடுவுல 200, இடது ஓரம் 186, வலது பக்கம் முன் மூலை 181. ஓரத்துல ரெண்டு சென்டிமீட்டர் உருப்படியா சூடு ஏறல. அதோட சாயங்காலம் ஆச்சுன்னா எங்க லைன்ல எல்லா வீட்டு ஏசியும் ஓடும், வோல்டேஜ் 195க்கு இறங்கும். 230ல குடுக்க வேண்டிய சூட்டுல நூத்துக்கு எழுபத்திரண்டுதான் அப்போ கிடைக்கும். 14 நிமிஷத்துல 200க்கு வர்ற தட்டு 20 நிமிஷம் தாண்டும், ஒரு கட்டம் அழுத்தி முடிச்சா அடுத்ததுக்கு ஏறவும் நேரமாகும். அதனால எல்லா அழுத்தற வேலையும் விடிகாலைல அஞ்சரைக்கு. அந்த நேரத்துல காசிமேட்டு காத்து ஈரமா வரும், பேப்பரும் துணியும் ஈரத்தைக் குடிச்சிருக்கும், அப்படியே அழுத்தினா திட்டுத் திட்டா வரும். பேப்பரை ஜிப் கவர்ல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வெக்கறேன், துணியை பேப்பர் இல்லாம ஒரு பத்து செகண்ட் சும்மா அழுத்தி ஆவி போக விட்டுட்டுத்தான் வேலை ஆரம்பிப்பேன். பஞ்சு ஒட்டற ரோலரை ஒரு தடவை உருட்டணும், ஒரு சின்ன நூல் தூசி இருந்தாலும் அது நீலமா ஒரு புள்ளியா பதிஞ்சு நிரந்தரமா உக்காந்துக்கும்.

ரெண்டாவது முயற்சி, புது பேக்லிட் துணி. ஃப்ரேம் 1219 மில்லி, துணி கொஞ்சம் இழுத்துப் பிடிச்சாத்தான் சுருக்கம் இல்லாம நிக்கும்னு 1215க்கு கணக்கு பண்ணி, டைலர்க்காரங்க வெச்சிருக்கிற சூட்டுல மறையற பேனாவால நாலு கட்டத்துக்கும் கோடு போட்டேன். பெருமையா போட்டேன். முதல் கட்டம் அழுத்தினதும் மத்த கட்டத்துக்கு போட்ட கோட்டுல பாதி காணோம். சூட்டுல மறையற பேனா சூட்டுல மறையும், வேற என்ன பண்ணும்! தட்டு 40 சென்டிமீட்டர், கட்டம் 28, மிச்சம் 12 சென்டிமீட்டர் பக்கத்து கட்டத்து மேல ஏறுது. அங்கிருந்த கோடு எல்லாம் போச்சு. ஸ்கேல் வெச்சு திரும்ப அளந்து பென்சில்ல போட்டேன்.

அப்போதான் முதல் தடவையா கவனிச்சேன், தட்டு பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் நடுவுல துணி அப்பளம் மாதிரி அலை அலையா நிக்குது. கையால நீவி விட்டா மறுபடி எழும்புது. சரி, அடுத்த கட்டம் அழுத்தும்போது தானா சமமாயிடும்னு நினைச்சேன். ஆகல, அந்த அலை மடிஞ்சு அப்படியே அயர்ன் ஆயிடுச்சு, மடிப்புக்குள்ள சாயம் போகாம குறுக்கால ஒரு வெள்ளைக் கீறல். மூணாவது கட்டத்துல இன்னொண்ணு. நான் தட்டைத் தூக்கவும் மேல சீலிங் ஃபேன் காத்துல பேப்பர் ஒரு ஓரம் எழும்பி திரும்ப விழுந்துச்சு. ஒரு செகண்ட்தான். அதுக்குள்ள அத்தோவுக்கு பின்னாடி இன்னொரு அத்தோ நிழலா விழுந்திருச்சு. இப்போ அழுத்தும்போது ஃபேன் ஆஃப், நாலு பக்கமும் சூடு தாங்குற டேப், எவ்வளவு வேர்த்தாலும் சரி.

இவ்வளவு ஆனப்புறமும் மாட்டிப் பாத்துடலாம்னு ஒரு நப்பாசை. பழைய வண்ணாரப்பேட்டைல எம்சி ரோடு பக்கத்து சந்துல ஜூக்கி மெஷின் வெச்சிருக்கிற டைலர் பாய்கிட்ட எடுத்துட்டுப் போனேன். இந்த மாதிரி ஃப்ரேம்ல துணி ஓரத்துல 14 மில்லி அகலம், 3 மில்லி கனத்துல சிலிக்கான் பீடிங் தைக்கணும், அந்த பீடிங்கைத்தான் அலுமினியம் காடிக்குள்ள அமுக்கறது. சிலிக்கான் மெஷின் காலடில ஒட்டிக்கிட்டு நகரவே இல்ல. பாய் ரெண்டு தடவை ஊசி உடைச்சார், என்னை ஒரு பார்வை பாத்தார், அப்புறம் தினத்தந்தி பேப்பரை ஒரு இன்ச் பட்டையா கிழிச்சு பீடிங் மேல வெச்சு பேப்பரோடவே தைச்சு, முடிஞ்சதும் பேப்பரை பர்ருனு கிழிச்சு எடுத்தார். டெஃப்லான் கால் வாங்கி மாட்டினாலும் இதே வேலை நடக்கும், ஆனா நியூஸ் பேப்பருக்கு செலவில்ல. மூலைல பீடிங்கை வளைக்கக் கூடாது, நாலு பக்கத்துக்கும் தனித்தனியா வெட்டித் தைக்கணும்.

கடைக்கு வந்து ஃப்ரேம்ல மாட்டினேன். நாலு மூலையை முதல்ல அமுக்கணும், அப்புறம் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவுல, அப்புறம் மிச்சம். இடது மூலை ரெண்டும் உள்ள போச்சு. வலது மூலைக்கு இழுக்கறேன் இழுக்கறேன், வரவே மாட்டேங்குது. ஒரு மூலைய அமுக்கினா எதிர் மூலை டப்புனு வெளில குதிக்குது. டேப் வெச்சு அளந்தேன், 1201. நான் வெட்டினது 1215. பதினாலு மில்லிமீட்டர் எங்க போச்சு?

வெட்டினது சரி, தைச்சதும் சரி. பாய்க்கு போன் பண்ணி நீங்க உள்ள மடிச்சுத் தைச்சீங்களான்னு கேட்டுட்டேன் வேற, "ஏன்ப்பா, முப்பது வருசமா மிஷின்ல உக்காந்துக்கிறேன், எனக்கு அளவு தெரியாதா" அப்படின்னு போனை வெச்சுட்டார். மறுநாள் டீ வாங்கிக் குடுத்து சமாதானம் பண்ணேன்.

அன்னிக்கு ராத்திரிதான் உக்காந்து முதல்லயே செஞ்சிருக்க வேண்டியதைச் செஞ்சேன். மீதி துணில 300க்கு 300 மில்லி சதுரம் பென்சில்ல வரைஞ்சு 200 டிகிரில 50 செகண்ட் அழுத்தி அளந்தேன். நீள வாட்டுல 296.5, அகல வாட்டுல 298.5. அந்தக் கணக்கை 1215க்குப் போட்டா 14 மில்லி குறையுது, அச்சு அசலா. திரும்ப அதையே அழுத்தினேன், அரை மில்லி கூட குறையல. மூணாவது தடவை அசையவே இல்ல. ஆக துணி சுருங்கறது முதல் சூட்டுலதான், அதை பிரிண்டுக்கு முன்னாடியே சுருங்க விட்டுட்டா சண்டையே இல்ல. துணிக் கடைல சட்டைத் துணி எடுத்தா எங்கம்மா முதல்ல தண்ணில நனைச்சு காயவெச்சுத்தான் டைலர்கிட்ட குடுப்பாங்க, அதே கதைதான், எனக்குத்தான் உறைக்கல.

மூணாவது பட்டை. 1260 நீளம், 500 அகலம்னு தாராளமா வெட்டினேன். மேலயும் கீழயும் பட்டர் பேப்பர், பிரஷர் குறைஞ்சபட்சம், தட்டை முழுசா இறக்காம ரெண்டு சென்டிமீட்டர் மேலயே பத்து செகண்ட் நிறுத்தி, அப்புறம் லேசா இறக்கி 50 செகண்ட். ஒவ்வொரு தடவையும் 20 சென்டிமீட்டர்தான் நகத்தினேன், அதனால ஒவ்வொரு இடமும் ரெண்டு தடவை சூடு பாத்திருக்கும். நடுவுல அலை வந்துச்சு, ஆனா பிரஷர் கம்மிங்கறதால மடியல, கையால தூக்கி உதறி விட்டேன், கடைசி வரைக்கும் போய் முடிச்சதும் எல்லா இடமும் ஒரே மாதிரி சுருங்கி தட்டையா படுத்துக்கிச்சு. ராத்திரி முழுக்க ஒரு கட்டில் மேல விரிச்சுப் போட்டு, காலைல அளந்து, அப்புறம்தான் ஓரத்துல பென்சில் குறி.

அழுத்தற வரிசையையும் மாத்தினேன். தட்டோட மிச்ச 12 சென்டிமீட்டர் இனிமே அழுத்தப் போற பக்கம்தான் போகணும், ஏற்கனவே பிரிண்ட் ஆன பக்கம் போகக் கூடாது, போச்சுன்னா பதிஞ்ச சாயம் மறுபடி ஆவியாகி மேல இருக்கிற பேப்பர்ல ஒட்டிக்கும், அந்த ஓரம் மட்டும் மங்கிடும். அதனால பேப்பரை தட்டோட இடது ஓரத்துக்கு ஒட்டி வெச்சு இடமிருந்து வலமா போனேன். ஆனா இடது ஓரம்தான் 186 டிகிரி. அந்த 25 மில்லி வெள்ளை இடைவெளி இங்கதான் கை குடுத்துச்சு, குளிர்ச்சியான ஓரத்துல முக்கால்வாசி அந்த வெள்ளை மேலயே விழுந்துடுச்சு. டிஸ்பிளேல 205, நேரம் 55 செகண்ட்னு கொஞ்சம் ஏத்தினேன். நாலாவது கட்டத்துக்கு வலது பக்கம் துணி முடிஞ்சிருச்சு, பேப்பரைத் தள்ள இடம் இருந்தும் அவசரத்துல தட்டோட வலது முன் மூலைப் பக்கமா இழுத்து வெச்சுட்டேன் போல, கீழ் வலது மூலை அந்த 181 டிகிரி மூலைல மாட்டிக்கிச்சு. பேஜோ எழுத்துக்கு கீழ ஒரு ரூபா காசு அளவுக்கு அரக்கு வெளிறிப் போய் இருக்கு. ரெண்டு நாள் அதையே பாத்துட்டு இருந்தேன். நாலாவது துணிக்கு தெம்பும் இல்ல, ஆடியும் பாதி ஓடிருச்சு.

எல்ஈடி வேலை சுலபம்னு நினைச்சேன். பெட்டி ஆழம் நாலு இன்ச். காசு மிச்சம்னு ஆறு இன்ச்சுக்கு ஒரு மாட்யூல்னு 24 ஒட்டினேன், சுவிட்ச் போட்டா துணில புள்ளிக் கோலம். பெட்டி எவ்வளவு ஆழமோ அதுக்கு மேல இடைவெளி விடக் கூடாது, அதுவும் வெளிச்சத்தை அகலமா பரப்புற லென்ஸ் மாட்யூலா இருக்கணும். எல்லாத்தையும் பிச்சு நாலு இன்ச்சுக்கு ஒண்ணுன்னு 12 வரிசை, வரிசைக்கு 4, மொத்தம் 48. ஒண்ணு 0.72 வாட், மொத்தம் 35 வாட் கிட்ட, 12 வோல்ட்ல மூணு ஆம்பியர் கூட வராது, 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (வீட்டு கரன்ட்டை 12 வோல்ட்டா மாத்தற பெட்டி) போட்டா சூடாகாம நிம்மதியா ஓடுது. பின் பலகைக்கு வெள்ளை ஏசிபி (அலுமினியம் தகடு ஒட்டின பிளாஸ்டிக் ஷீட்) வெட்டுத் துண்டு.

செலவு, ஓடின போர்டுக்கு மட்டும்: அலுமினியம் காடி 11 அடி 1210, மூலை இணைப்பு 100, ஏசிபி 300, எல்ஈடி 672, எஸ்எம்பிஎஸ் 380, சிலிக்கான் பீடிங் 4 மீட்டர் 100, பாய் தையல் 200, துணி 140, இங்க் பேப்பர் சுமாரா 150, ஒயர் ஸ்குரூ 120. கூட்டினா 3372. அதுக்கு மேல நான் கோட்டை விட்டது பிசி துணி 210, வீணான பேக்லிட் பட்டை ரெண்டு 280, இங்க் பேப்பர் 400, ரெண்டாவது தையல் கூலி 200, ஆக 1090. கரன்ட்டும் என் நேரமும் இதுல சேரல. அக்காகிட்ட பேசினது 3500. ஜெர்சி பசங்க புண்ணியத்துல கடை ஓடுது.

அடுத்த தடவை பண்ணா முதல் வேலை சதுரம் வரைஞ்சு அளக்கறது, டிசைனைத் தொடறதே அதுக்கப்புறம்தான். இடைவெளி 25க்கு பதிலா 40 மில்லி விடுவேன், ஓரச் சூட்டு பிரச்சினை முழுசா ஒழியும். ரெண்டு செட் துணி ஒரே நேரத்துல அடிச்சுக் குடுப்பேன், ஏன்னா இந்த ஃப்ரேம்ல இருக்கிற பெரிய வசதியே பீடிங்கைப் பிச்சு துணியை மட்டும் மாத்திக்கலாம்ங்கறது, எண்ணெய் தெறிச்சா சோப்புத் தண்ணில அலசி காயவெச்சு மாட்டலாம், சாயம் நூலுக்குள்ள இருக்கிறதால போகாது. வெயில் நேரா அடிக்கிற இடத்துக்கு இதைப் பண்ணித் தர மாட்டேன், நிறம் சீக்கிரமே வெளுக்கும். மழைக்கும் ஆகாது, துணி நனையும், உள்ள கரன்ட் இருக்கு. அக்கா கடைல மேல தகர ஷீட் கூரை, போர்டு அதுக்கு உள்ளதான் தொங்குது, ராத்திரி கடை மூடும்போது கழட்டி உள்ள வெச்சுக்கலாம், ஏழு கிலோ கூட இருக்காது.

நேத்து மாட்டி முடிச்சதும் நான் அந்த வெளிறின மூலையைத்தான் பாத்துட்டு நின்னேன். வந்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லல, ரெண்டு பேர் போட்டோ எடுத்தாங்க, இந்தத் தடவை பேர் தெளிவா விழுந்துச்சு. சொல்லிடலாம்னு வாயத் திறந்தேன், அக்கா மூலைல ஒரு மாதிரி... அதுக்குள்ள அவங்க ஸ்டூல் மேல ஏறி, எலுமிச்சம்பழமும் பச்சமொளகாயும் கோத்து வெச்சிருந்ததை எடுத்து நேரா அந்த பேஜோவுக்கு கீழ, கரெக்டா அந்த இடத்து மேல தொங்கவிட்டாங்க. "கண்ணு பட்டுடும் தம்பி, நீ துன்னுட்டுப் போ" அப்படின்னு ஒரு பிளேட் பிசைஞ்சு நீட்டினாங்க.